போகாத இடமெல்லாம் வெள்ளை

ஆடி மாதம் மூன்றாம் தேதி காலையில், கரட்டுப்பாளையத்தில் அவரவர் போகாத இடமெல்லாம் அவரவருக்கு வெள்ளையாகிப் போயிருந்தது. சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி என்று முதலில் சொன்னார்கள், பிறகு சுவரும் இல்லை, கையை நீட்டினால் எதுவும் தட்டுப்படவில்லை என்றார்கள், பனி இல்லை, புகை இல்லை, ஈரம் இல்லை, வாசம் இல்லை, அந்தப் பக்கத்து நாய் குரைப்பது இந்தப் பக்கம் நன்றாகவே கேட்டது, ஆட்களும் எருமைகளும் மொபெட்டுகளும் அதற்குள்ளிருந்து வந்துகொண்டும் அதற்குள்ளே போய்க்கொண்டும்தான் இருந்தன. ஒருவருக்கு வெள்ளையாகத் தெரிந்த இடத்தில் இன்னொருவர் நின்று வெற்றிலை வாங்கிக்கொண்டிருந்தார். வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை; அவர்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி, தெருமுனையில் தயங்கி நிற்கும் எங்களைப் பார்த்து, இந்த ஊரில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் கண் கெட்டுவிட்டதா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

எங்களுக்குக் கண் கெடவில்லை. நடந்த இடம், வண்டியில் கடந்த இடம் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. போகாத இடம்தான் தெரியவில்லை. அவரவர் எவ்வளவு தூரம் வாழ்ந்திருக்கிறோம் என்பது அன்றைக்குத்தான் அவரவருக்குத் தெரிந்தது. எனக்கு என் வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழி, பள்ளிவாசல் தெரு, படித்த பள்ளிக்கூடம், அம்மா வீடு, மளிகைக்கடை, பிரசவத்துக்குப் போன ஆஸ்பத்திரி, இவ்வளவுதான் இருந்தது. நான் பிறந்து வளர்ந்து கல்யாணமாகி அதே ஊரில் இருக்கும் பர்வீன், முப்பத்திரண்டு வயது, என்னுடைய ஊர் ஒரு நாடா அகலம்தான் இருந்தது.

ஊர் இதை ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. ஆட்டோக்காரர்களுக்குத் திமிர் ஏறியது. ஒன்பதாவது வார்டு கவுன்சிலருக்கு ஒன்பதாவது வார்டு முக்கால்வாசி வெள்ளையாக இருந்தது வெளியே தெரிந்து, அவர் பத்து நாள் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டார். தபால்காரம்மா விசாலாட்சிக்கு மட்டும் ஊர் முழுக்கத் தெரிந்தது, அவருக்குக் கோயில் விழாவில் முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள், ஆனால் பதினைந்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத நாத்தனார் வீடு, சுவரோடு சுவர் ஒட்டிய வீடு, அவருக்கும் வெள்ளைதான் என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, நாத்தனார்தான் சொன்னார். ஆவணியில் கல்யாணம் வைத்திருந்த பெண் வீட்டார், பையனுக்கு எத்தனை தெரு தெரியும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். டீக்கடையில் ஒரு நாள் ஓர் ஆள், தன் வீட்டுச் சமையலறை தனக்கு வெள்ளையாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் ஒவ்வொருவராகக் கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டு, எனக்கும் அப்படித்தான், எனக்கும் அப்படித்தான் என்றார்கள்.

வெள்ளைக்குள் நடந்தால் அது திறந்துகொள்ளும் என்பது இரண்டாம் நாளே தெரிந்துபோனது. தவறிப்போய் உள்ளே கால் வைத்த ஒரு பால்காரருக்கு முன்னால் பத்தடி பத்தடியாகத் தெரு தெரிந்தது, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, உள்ளே என்ன இருந்தது என்று கேட்டதற்கு ஒரு ரைஸ்மில்லும் நாலு வீடும் என்றார். அப்புறம் யாரும் போகாமல் இருந்ததற்குக் காரணம் பயமில்லை. ஆடி மாதம். ஆடியில் எங்கள் ஊரில் யாரும் புது இடத்தில் கால் வைப்பதில்லை. புது வீட்டுக்குக் குடி போவதில்லை, புது வேலையில் சேர்வதில்லை, புதுப் பெண்ணைக்கூட அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் ஆடி முடியட்டும், ஆவணி பிறந்ததும் நல்ல நாள் பார்த்துப் போய்க்கொள்ளலாம் என்று ஊரே ஒருமனதாகத் தள்ளி வைத்தது. பதினெட்டாம் பெருக்கு நல்ல நாள்தானே என்று யாரோ சொன்னார்கள். அன்றைக்கு எல்லோரும் வருஷா வருஷம் போகிற அதே காவிரிக் கரைக்கு, அதே படித்துறைக்கு, அதே புளிசாதத்தைக் கட்டிக்கொண்டு போனார்கள். எனக்கு ஆடி கிடையாது. நானும் வெள்ளைக்குள் போகவில்லை. வேலை முடிந்து வந்தால் கால் வலிக்கும், அவ்வளவுதான்.

என் வேலையைச் சொல்ல வேண்டும். உரக்கடைக்கு மேல்மாடியில் தங்கமுத்து அண்ணன் ஒரு சென்டர் வைத்திருக்கிறார். அங்கே நாங்கள் பன்னிரண்டு பெண்கள் பன்னிரண்டு கம்ப்யூட்டரில் காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரைக்கும் விளையாடுகிறோம். தூர தேசங்களில் ஆபீஸுக்குப் போகும் ஆண்கள் சில பேர் இன்டர்நெட்டில் ஒரு விளையாட்டு விளையாடுகிறார்கள், அதில் ஆளுக்கொரு வீரன், அந்த வீரன் பெரிய ஆளாக வேண்டுமென்றால் தினமும் சொன்ன வேலையைச் செய்ய வேண்டும், அவர்களுக்கோ நேரமில்லை, அதனால் அவர்களுக்குப் பதிலாக நாங்கள் செய்கிறோம். நாற்பது ஓநாய் கொல்ல வேண்டும். முப்பது காளான் பறிக்க வேண்டும். பதினைந்து இரும்புக் கட்டிகளைச் சுமந்துபோய் ஆற்றங்கரைக் கொல்லனிடம் கொடுக்க வேண்டும். வீரனே, என் உலை அணைந்துவிட்டது என்பான் கொல்லன். கொடுத்ததும் என் குலமே உனக்குக் கடமைப்பட்டது என்பான். மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் போனால் உலை அணைந்துவிட்டது என்பான். இதற்கு சென்டரில் டெய்லி என்று பெயர். டெய்லி முடிஞ்சுதா, டெய்லி முடிஞ்சுதா என்று தங்கமுத்து அண்ணன் பின்னால் நடந்துகொண்டே இருப்பார்.

அந்த விளையாட்டிலும் ஒரு வரைபடம் உண்டு. வீரன் போன இடம் பச்சையாகத் தெரியும், போகாத இடம் வெள்ளையாக இருக்கும். எங்கள் வீரர்களின் வரைபடங்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும், ஓநாய்க் காட்டுக்கும் கொல்லன் வீட்டுக்கும் நடுவே ஒரு ஒற்றையடிப் பாதை, மற்றதெல்லாம் வெள்ளை. வழி மாறக் கூடாது என்பது சென்டரின் சட்டம். மாறினால் நேரம் போகும், சும்மா சுற்றிப் பார்ப்பதற்கு அந்த விளையாட்டு எதுவும் தருவதில்லை.

என் பக்கத்து சீட் ஹேமலதா அக்கா. கம்ப்யூட்டர் பட்டம் வாங்கியவர், சென்டர் ஆரம்பித்த நாளிலிருந்து ஆறு வருஷமாக அதே சீட்டில், அதே பனி தேசத்து ஆளின் மஞ்சள் தாடி வீரனை ஓட்டிக்கொண்டிருந்தவர். அவர் கணவர் நல்லசிவம் அண்ணன் ஊருக்குக் கிழக்கே இருக்கும் நூல் மில்லில் வேலை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம், குழந்தை இல்லை, அதைப் பற்றி ஊர் பேசிப் பேசி ஓய்ந்துவிட்டது, அவர்களும் ஓய்ந்துவிட்டார்கள். ஆடிக்கு முன்பே குஜராத் பக்கம் ஒரு மில்லில் மூன்று வருஷத்துக்கு மேஸ்திரி வேலை என்று அண்ணனுக்குச் சொல்லியிருந்தார்கள். ஆவணி ஒன்றாம் தேதி கிளம்புவதாக இருந்தார். போறேன் என்று அவர் சொன்னாராம், சரிங்க என்று அக்கா சொன்னாராம், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

“அவரு போறது எனக்கு வருத்தமா இருக்குதா இல்லியான்னே தெரியில பர்வீனு” என்றார் அக்கா ஒரு நாள், ஓநாய்களைக் கொன்றுகொண்டே. “உள்ள தேடித் தேடிப் பாக்கறேன். ஒண்ணுமே அகப்படல. ஒரு மனுசன் மூணு வருசத்துக்குப் போறான், பொண்டாட்டிக்கு ஒண்ணும் தோணலீன்னா அது என்ன பொழப்பு?”

“போனப்பறம் தெரியுமுங்க்கா” என்றேன்.

“போனப்பறம் தெரிஞ்சு என்ன பண்றது?”

முப்பத்தியேழாவது ஓநாய் வந்துகொண்டிருந்தது.

ஆடி பத்தாம் தேதி பேரூராட்சி ஆபீஸில் கூட்டம் போட்டார்கள். வெள்ளையைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் யார் என்று கேட்டபோது, எங்கள் பார்ட்டிகளின் விளையாட்டு வரைபடமும் இதே மாதிரிதான் என்று தங்கமுத்து அண்ணன் பெருமையாகச் சொல்லிவிட்டார், அதனால் எங்களைக் கூப்பிட்டு மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்தார்கள். மூத்தவர் என்பதால் அக்கா எழுந்து நின்றார்.

“உங்க கேமுல இப்படி வெள்ளையா வந்தா என்னம்மா பண்ணுவீங்க?” என்று தலைவியம்மா கேட்டார்.

“உள்ள நடந்தா தொறந்துக்குமுங்க.”

“அது எங்களுக்கே தெரியுமே. உள்ள என்ன இருக்கும்?”

அக்கா என்னைப் பார்த்தார். நான் கீழே பார்த்தேன்.

“தெரியிலீங்க. நாங்க போனதில்லீங்க.”

“எத்தன வருசமா ஆடறீங்க?”

“ஆறு வருசமுங்க.”

கூட்டம் சிரித்தது. கெட்ட சிரிப்பில்லை, ஆனாலும் சிரிப்புதான். ஆவணி பிறந்து பார்த்துக்கொள்வது என்று தீர்மானம் போட்டு, ஆளுக்கொரு வடை கொடுத்து அனுப்பினார்கள். அக்கா வடையைச் சாப்பிடவில்லை, முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார்.

பதினெட்டாம் பெருக்குக் கழிந்து இரண்டு நாள் இருக்கும். அக்கா வீட்டில் நல்லசிவம் அண்ணன் எப்போதும் போல மில்லிலிருந்து வந்து, எப்போதும் போலச் சமையலறை வாசலில் நின்று, ஏம்புள்ள தண்ணி என்றிருக்கிறார். அக்கா எப்போதும் போல உள்ளே இருந்தபடி சொம்பை நீட்டியிருக்கிறார். அன்றைக்கு என்னவோ அக்கா அவர் முகத்தைப் பார்த்திருக்கிறார். அவர் கண் அக்காவின் முகத்துக்கு வரவில்லை. சொம்பை மட்டும், சொம்பைப் பிடித்திருந்த கையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றது.

“ஏனுங்க, உங்களுக்கு உள்ள தெரியறதில்லீங்களா?”

அவர் தண்ணீரைக் குடித்து முடித்தார்.

“இல்ல.”

“எத்தன நாளா?”

“எல்லாருக்கும் எப்ப இருந்தோ அப்ப இருந்துதான்.”

பதினேழு நாள். பதினேழு நாளாக அந்த வீட்டின் நடுவில் ஒரு வெள்ளை நின்றுகொண்டிருந்திருக்கிறது, அதற்குள்ளிருந்து வளையல் போட்ட ஒரு கை வந்து சோறு போட்டிருக்கிறது, சொம்பு கொடுத்திருக்கிறது, தட்டை வாங்கிக்கொண்டு போயிருக்கிறது, அவரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்திருக்கிறார். எனக்குக் கேட்டதும் கோபம்தான் வந்தது. அக்காவுக்குக் கோபம்கூட வரவில்லை, அசதியாக இருந்தது என்றார்.

“பன்னண்டு வருசத்துல ஒரு தடவ இதுக்குள்ள வந்ததில்லீங்களா?”

“வர்ற மாதிரி வேல இருந்ததில்லியே.”

“இப்ப வாங்க. ஒரெட்டுதான்.”

அவர் வாசற்படியைப் பார்த்தார். கால்விரலைச் சுருக்கிக்கொண்டார். “ஆடி முடியட்டும்” என்றார். பிறகு, திட்டு வாங்கிய ஆள் திருப்பிக் கேட்பது போல, “நீ மட்டும் என்ற மில்லு எப்படி இருக்கும்னு பாத்திருக்கறயா?” என்றார்.

பார்த்ததில்லை. மில் அக்காவுக்கு வெள்ளை.

மறுநாள் அக்கா சென்டருக்கு வந்து உட்கார்ந்தார். பத்து ஓநாய் கொன்றார். பதினோராவது ஓநாய் வந்து நின்று உறுமியது, அக்கா அதைத் தாண்டி மஞ்சள் தாடி வீரனை நடத்தினார், ஒற்றையடிப் பாதையை விட்டு, மேற்கே, வரைபடத்தின் வெள்ளைக்குள். நான் என் காளான்களை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தேன். பத்தடி பத்தடியாகத் திறந்தது. புல், புல்லுக்குப் பிறகு புல், சாய்ந்து கிடந்த ஒரு வண்டிச் சக்கரம், ஆளில்லாத ஒரு பாலம், அதற்கப்புறம் ஓர் ஏரி. ஏரியில் எதுவும் இல்லை. கொல்வதற்கு எதுவும் இல்லை, பறிப்பதற்கு எதுவும் இல்லை, உலை அணைந்துவிட்டது என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. தண்ணீர் மட்டும் கரையில் வந்து வந்து போனது. யாரோ ஒரு ஆள் எங்கேயோ உட்கார்ந்து யாரும் பார்க்காத அந்தத் தண்ணீருக்கு ஓர் ஓரம் வரைந்திருக்கிறான். அக்கா வீரனை அந்தக் கரையில் நிறுத்திவிட்டுச் சாயங்காலம் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.

டெய்லி முடியவில்லை. சென்டர் வரலாற்றிலேயே முதல் முறை. தங்கமுத்து அண்ணன் கத்தவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு அக்காவுக்கு எதிரில் உட்கார்ந்து, “உனக்கு ஒடம்பு கிடம்பு செரியில்லியாம்மா?” என்று கேட்டார். அவரும் அசந்துதான் போயிருந்தார்.

மறுநாள் காலையில் பனி தேசத்து ஆளிடமிருந்து கடிதம் வந்திருந்தது. ஆறு வருஷத்தில் அந்த மனிதர் எங்களுக்கு எழுதிய முதல் கடிதம். பட்டம் வாங்கியும் அக்காவுக்கு இங்கிலீஷ் வராது, எனக்குச் சுமாராக வரும் என்பதால் நான் படித்துச் சொன்னேன். மேற்குப் பக்கத்தைத் திறந்தது யார் என்று கேட்டிருந்தார். அதை நான் வைத்திருந்தேன் என்று எழுதியிருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நானே மெதுவாக நடந்து பார்க்க வேண்டும் என்று இத்தனை வருஷமாக ஓர் அடிகூட வைக்காமல் வைத்திருந்தேன், அதற்காகத்தான் மற்ற வேலைகளை உங்களிடம் விட்டேன், இப்போது நான் அங்கே போனால் அது ஏற்கெனவே பச்சையாக இருக்கும் என்று எழுதியிருந்தார். திட்டு ஒன்றுமில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அக்கா கையைக் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வேறு ஓர் ஆள் பொத்திப் பொத்தி வைத்திருந்ததைத் தான் தின்றுவிட்டது போல இருக்கிறது என்றார்.

“அங்க ஒண்ணுமில்லீங்க, ஒரு ஏரிதான்னு எழுது” என்றார். நான் எழுத ஆரம்பித்ததும், “இரு, அப்பிடி எழுதாத. தப்புத்தானுங்க, மன்னிச்சுக்கங்கன்னு எழுது. வடக்கால பூராவும் இன்னும் வெள்ளையாத்தான் இருக்குது, நாங்க தொட மாட்டம், இன்னைக்கே போயிப் பாருங்கன்னு எழுது” என்றார்.

எழுதினேன். மத்தியானம் பதில் வந்தது. நன்றி, ஆனால் இந்த வாரம் முடியாது, அடுத்த மாதமும் கஷ்டம்தான், டெய்லியைத் தொடருங்கள் என்று இருந்தது.

அதைக் கேட்டதும் அக்கா சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை, சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அவருக்கும் ஆடி போலிருக்குது” என்றார்.

அடுத்த நாள் காலையில் அக்கா சென்டருக்கு வரவில்லை. ஆடி இருபத்திமூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, ஊரில் எல்லோரும் பார்க்க, கூழ் ஊற்றுகிற மாரியம்மன் கோயில் வரிசையைத் தாண்டி, கிழக்குத் தெரு முனையில் தனக்கு வெள்ளை ஆரம்பிக்கும் இடத்தில் செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு உள்ளே நடந்தார். ஆடியில் போறாளே என்று யாரோ சொன்னார்கள், வேறு யாரோ உச் கொட்டினார்கள், கையைப் பிடித்து யாரும் தடுக்கவில்லை. வழியில் என்ன இருந்தது என்று நான் பிறகு கேட்டபோது, ஒரு டிரான்ஸ்பார்மர், பூட்டிக் கிடக்கும் ஒரு மண்டபம், இஸ்திரி போடும் ஓர் ஆள், வாசலில் மிளகாய் காய வைத்திருந்த வீடுகள் என்றார். “நம்ம தெரு மாதிரியேதான் பர்வீனு. இதுக்கா இத்தன நாள்னு ஆயிப்போச்சு. கால் வலிதான் மிச்சம்.”

மில் கேட்டில் வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. சாப்பாட்டு மணி அடிக்கும்வரை அக்கா வெளியே நின்றார். கம்பி வழியாகப் பார்த்தால் ஒரு வேப்பமரத்தடியில் ஏழெட்டுப் பேர் சோற்றுத் தூக்குப்போசியைத் திறந்துகொண்டு வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள், எல்லோர் தலையிலும் புருவத்திலும் பஞ்சு, அதனால் யார் யாரென்று உடனே தெரியவில்லை. ஒருவர் மட்டும் எழுந்து நின்று, இடுப்பில் கை வைத்து, மூக்கால் பேசிக்கொண்டு, தங்கள் சூப்பர்வைசர் நூலறுந்ததற்கு எப்படித் துள்ளினார் என்று நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் சோற்றை விழுங்க முடியாமல் சிரித்தார்கள். ஒரு ஆள் போதும் நிறுத்தப்பா, பொறையேறுது என்று கெஞ்சினார். நடித்தவர் நல்லசிவம் அண்ணன்.

அவர் திரும்பிக் கம்பிக்கு வெளியே அக்காவைப் பார்த்ததும் இடுப்பிலிருந்த கை இறங்கியது. கேட்டுக்கு வந்தார்.

“என்ன, வூட்டுல எதாச்சுமா?”

“ஒண்ணுமில்லீங்க. பாக்கலாம்னு வந்தேன்.”

“பாத்தாச்சா?”

“பாத்தேனுங்க.”

அவர் புருவத்தில் இருந்த பஞ்சைத் தட்டிவிட்டார். போய்ட்டு வா, வெயிலாகுது என்றார். அக்கா வந்துவிட்டார்.

அன்று மத்தியானமே சென்டருக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரைப் போடாமல், எனக்கு இதைச் சொன்னார். “அவரு அங்க வேற ஆளு பர்வீனு. அந்த ஆளு ஒரு நா கூட எங்க வூட்டுக்கு வந்ததே இல்ல. பன்னண்டு வருசமா வந்ததெல்லாம் அந்த ஆளோட சட்டைதான்.” அப்படிச் சொல்லும்போது அக்காவின் குரல் கொஞ்சம் உடைந்தது, உடைந்ததை அவரே கவனித்து, நிறுத்திக் கேட்டுக்கொண்டது போல இருந்தது. எனக்கு அக்காவை நினைத்துத் துக்கமாக இருந்தது. என் வீட்டுக்காரர் அவருடைய கடையில் எப்படிச் சிரிப்பார் என்று அன்றைக்கு யோசித்துப் பார்த்தேன். அந்தக் கடை எனக்கு வெள்ளை. இன்றைக்கும்தான்.

மீதி ஆடி போயிற்று. அக்கா வழக்கம்போல ஓநாய் கொன்றார், வழக்கம்போலச் சோறு போட்டார், ஒன்றே ஒன்றை மட்டும் நிறுத்திவிட்டார். ஏம்புள்ள தண்ணி என்றால் கையை நீட்டுவதில்லை. உள்ள இருக்குதுங்க, வந்து எடுத்துக்கங்க என்பார். அண்ணன் வாசற்படியில் சற்று நேரம் நிற்பார், பிறகு வெளியே போய்ப் பைப்பில் கை ஏந்திக் குடித்துவிட்டு வருவார். இப்படி எட்டு நாள். வீம்பு என்று நினைத்தேன். இரண்டு பேருக்கும் வீம்பு பிடிக்கக்கூடத் தெம்பில்லை என்று அக்கா சொன்னார்.

ஆவணி பிறந்தது. ஊர் எதிர்பார்த்த நாள். காலையில் எல்லோரும் குளித்து, அவரவர் வெள்ளையின் ஓரம் வரைக்கும் போய் நின்றார்கள். சிலர் சூடம் கொளுத்தினார்கள். கொஞ்சம் பேர் இரண்டடி வைத்துப் பார்த்துவிட்டு, ராகு காலம் முடியட்டும் என்று திரும்பினார்கள், ராகு காலம் முடிந்ததும் மில்லுக்கும் கடைக்கும் நேரமாகிவிட்டது, எந்த வழியில் தினமும் போவார்களோ அந்த வழியில் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கப் போனார்கள். அப்புறம் அதைப் பற்றிப் பேசுவதும் குறைந்தது. இப்போது ஊரில் பிறக்கிற குழந்தைகளுக்கு வெள்ளை எங்கே ஆரம்பிக்கிறது என்று சுட்டிக்காட்டித்தான் தெருவைச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

அன்றைக்குப் பத்து மணி பஸ்ஸில் அண்ணன் கிளம்ப வேண்டும். ரயில் ராத்திரிதான், ஆனாலும் பயந்துகொண்டு பத்துக்கே போவது என்று வைத்திருந்தார். ஒன்பதரைக்குப் பெட்டியை எடுத்து நடையில் வைத்தார். ஏம்புள்ள என்றார். தண்ணி என்று சொல்லவில்லை. அக்கா உள்ளே அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், வழிக்கு எலுமிச்சை சாதம் கட்டி முடித்துவிட்டார், அதையும் நீட்டவில்லை. வரவில்லையென்றால் அந்த ஆள் அப்படியே போய்விடுவார், சோற்று மூட்டைகூட இல்லாமல் போய்விடுவார், மூன்று வருஷம் கழித்து வந்து அதே படியில் நிற்பார், அப்போதும் தன்னிடம் எதுவும் இருக்காது என்று நினைத்தாராம்.

அண்ணன் வலது காலைத் தூக்கி உள்ளே வைத்தார்.

அப்புறம் இடது கால். அவர் கண் மெதுவாக அங்கே இங்கே போனது. அடுப்பு தெரிந்தது, மேலே கரி பிடித்த சுவர் தெரிந்தது, பருப்பு டப்பாக்கள் தெரிந்தன, அக்கா தினமும் உட்கார்ந்து தனியாகச் சாப்பிடும் முக்காலி தெரிந்தது, முக்காலிக்கு மேலே கடைசியாக அக்கா தெரிந்தார். ஒரு முழு மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் அவர் அக்காவை முழுசாக, சமையலறையில் நிற்கும் ஒரு பெண்ணாகப் பார்த்தார். அதற்கப்புறம் அக்காவின் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

“இங்க ஜன்னல் இருக்குதா?” என்று கேட்டார்.

“இருக்குதுங்க.”

“எப்ப இருந்து?”

“வூடு கட்டுனதுல இருந்துங்க.”

அவர் போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜன்னலுக்கு வெளியே யாருடையதோ ஒரு காலி மனை, முள் வேலி போட்டது, இரண்டு பேரும் போனதில்லை, அதனால் இரண்டு பேருக்கும் வெள்ளை. முன்னே எத்தனையோ நாள் சமைத்துக்கொண்டே அக்கா பார்த்த இடம்தான், அங்கே என்னவோ மரம் இருந்தது என்று ஞாபகம், என்ன மரம் என்று ஞாபகமில்லை. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பார்த்தார்கள்.

“இந்தப் பக்கம் என்ன இருக்குது?”

“தெரியிலீங்க.”

“மூணு மணிக்கு ஒரு பஸ் இருக்குது” என்றார் அண்ணன்.

அவர் பின்கதவின் தாழ்ப்பாளைத் தேடினார், அது எந்தப் பக்கம் திறக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை, அக்கா காட்டினார். வெளியே போய் முள்ளை ஒதுக்கி நடந்திருக்கிறார்கள். என்ன இருந்தது என்று கேட்டேன். குட்டி போட்ட நாய் ஒன்று, உடைந்த செப்டிக் டேங்க் உறை, ஒரு நுணா மரம் என்றார். மரத்தடியில் உட்கார்ந்து எலுமிச்சை சாதத்தை அங்கேயே பிரித்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். அந்தச் சூப்பர்வைசர் எப்படித் துள்ளினார் என்று அக்கா கேட்க, அண்ணன் முதலில் வெட்கப்பட்டு, பிறகு எழுந்து நின்று நடித்துக் காட்டியிருக்கிறார். அவ்வளவுதான் நடந்தது. அவர் போகாமல் இருந்துவிடவில்லை. மூன்று மணி பஸ்ஸில் போய்விட்டார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கொல்லனின் உலை அணைந்து போயிருந்தது. அக்காவின் கண் வீங்கியிருந்தது, முகம் கழுவிக்கொண்டு வந்தும் தெரிந்தது.

“அழுதீங்களாக்கா?” என்றேன்.

“ராத்திரி பூராவும்” என்றார் அக்கா, இத்தனை நாள் தேடிய பொருள் கைக்குக் கிடைத்த ஆளைப் போல. பிறகு முதல் ஓநாய் வந்தது, அதைக் கொன்றார்.